புளிப்பானைக்குள் இரட்டை மீன்

அடுப்பில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. இலைக்கு முன்னால் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரருடைய மேலதிகாரி. பெயர் வேண்டாம், அவருடைய பேரன் பேத்திகள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்களாக இருக்கலாம். சில்லறைக் காசு பதுக்கி வைத்திருப்பவர்களைப் பிடிப்பதற்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர் அவர்.

நான் அடுப்படி வாசலில் நின்று ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழம்பை யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. ஏன் கூடாது என்று வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. சொன்னால் என் வீட்டுக்காரரின் வேலை போய்விடும். ஜெயிலுக்கே போக வேண்டி வந்தாலும் வரும். சொல்லாவிட்டால் அதிகாரியோடு சேர்ந்து அவரும் அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிடப் போகிறார்.

"என்ன வெறிக்கப் பாத்துக்கிட்டு நிக்கிறே? நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வா" என்றார் என் மாமியார், கரண்டியைக் கையில் எடுத்தபடி.

இலுப்பூரில் நடந்தது இது. யுத்தத்தின் மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ. போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதும்போது, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு தகரப் பெட்டியும் வந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். கெட்டிக்காரி. வேண்டுமென்றேதான் தாண்டிப் போனேன். மாட்டிக்கொண்டேன், சொல்லித்தான் ஆக வேண்டும்.

பட்டறைக்குத் தப்பியவை

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் என் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. பழைய செம்பு, பித்தளை, வெண்கலத்தை எடைக்கு வாங்கிப் பட்டறைக்கு அனுப்புவார். அது குடமாகவும் குத்துவிளக்காகவும் திரும்பி வரும். அந்தப் பழைய சாமான்களோடு காசுகளும் வரும். கிணறு வெட்டும்போது கிடைத்தது, ஏர் ஓட்டும்போது கிடைத்தது, செத்துப்போனவரின் சுருக்குப்பையில் இருந்தது என்று பல கதைகள் சொல்வார்கள். அப்பா கதை கேட்க மாட்டார். தராசைத்தான் பார்ப்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பழைய சாமான் சாக்குக்குள் கையை விட்டுவிடுவேன். கை முழுக்கப் பச்சையாகக் களிம்பு ஒட்டிக்கொள்ளும்.

"அந்தக் கையோட சோத்தைத் தொட்டே, கொன்னுருவேன். களிம்பு வெசம்" என்று அம்மா கத்துவார்.

எனக்குப் பிடித்த காசை எடுத்துக்கொள்ள அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அதே எடைக்குப் பழஞ்செம்பு கொண்டுவந்து போட வேண்டும். அதற்காக நான் தெருத் தெருவாக அலைந்திருக்கிறேன். உடைந்த செம்பின் கழுத்து, அறுந்துபோன கைப்பிடி, சாமி விளக்கின் திரிக்குச்சி என்று எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவேன். கடைக்காரர் மகள் குப்பை பொறுக்குகிறாள் என்று பேச்சு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

என்னை மயக்கியது காசில் இருந்த படம்தான். பாண்டியன் மீனைப் போட்டான். சேரன் வில்லைப் போட்டான். சோழனுக்குப் புலி என்று பாடத்தில் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே சோழன் காசில் இருந்தது புலியா, வயிறு வீங்கிய பூனையா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் காசில் இரண்டு சிங்கங்கள் பின்னங்காலில் நிற்கும். கட்டுமாவடியிலிருந்து வரும் கருவாட்டு வியாபாரி ஒருவர் எனக்காகச் சிலோன் சதம் கொண்டுவருவார். அதில் ஒரு மரம் இருக்கும். தென்னை என்பார் அப்பா, பனை என்பேன் நான். அந்தச் சண்டை தீரவே இல்லை.

சமஸ்தானத்துக்காரர்களான எங்களுக்கு அம்மன் காசு. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் அம்மன் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்து. நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். சாக்கில் அந்தக் காசு வந்தால் மட்டும் அப்பா பட்டறைக்கு அனுப்ப மாட்டார். "ஆத்தாளைத் தூக்கி அடுப்புல போடுறதா?" என்று என்னிடம் கொடுத்துவிடுவார். அதற்கு எடை கிடையாது.

என் பெட்டியில் ராணியாக இருந்தது இரட்டை மீன். கனமான காசு, பச்சையும் கறுப்புமாக இருக்கும். இரண்டு மீன்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு மீனுக்குக் கண்கூடத் தெரியும். அதற்கு ஈடாக நான் ஒரு முழுச் சொம்பு கொடுத்தேன். அந்தச் சொம்பு எங்கள் வீட்டுச் சொம்புதான் என்பது அம்மாவுக்குக் கடைசி வரை தெரியாது.

பின்னால் சுதந்திரம் வந்து, வெண்கலப் பைசாவில் ஒரு பக்கம் மூன்று சிங்கமும் ஒரு பக்கம் குதிரையும் வந்தபோது, ஊரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. என் பங்குக்கு நானும் பார்த்தேன். நம்முடையது என்று ஒரு படம் கையில் இருப்பது எப்படிப்பட்ட சந்தோஷம் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த மீன் சொல்லிக் கொடுத்திருந்தது.

தமுக்குச் சத்தம்

என் வீட்டுக்காரர் சர்க்கார் கச்சேரியில், அதாவது ஆபீசில், ஆக்டிங் குமாஸ்தா. மகா நல்லவர், மகா பயந்தவர். எதிரே அதிகாரி வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார் என்று சொன்னால் போதாது. அதிகாரி குடியிருக்கும் தெரு என்றாலே முனையில் இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அந்த முனையில் ஏறிக்கொள்வார்.

அந்த வருஷம் சில்லறை காணாமல் போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. செம்பு விலை ஏறிவிட்டதால் உருக்குகிறார்கள் என்றார்கள், பானை பானையாகப் புதைக்கிறார்கள் என்றார்கள். கடையில் அரையணாவுக்குச் சாமான் வாங்கினால் மீதிக்கு வெற்றிலையோ தீப்பெட்டியோ தருவார்கள். நடுவில் ஓட்டை போட்ட காசு வந்ததும் அந்தச் சமயத்தில்தான். அதைக் குழந்தைகளுக்கு அரைஞாணில் கோத்துக் கட்டினோம்.

பிறகு உத்தரவு வந்தது. தேவைக்கு மேல் சில்லறைக் காசு வைத்திருப்பது குற்றம், பிடிபட்டால் ஜெயில் என்று தமுக்கு அடித்துச் சொன்னார்கள். அந்த உத்தரவைப் பத்துப் பிரதி எழுதும் வேலை இவருக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார். ஆறாவது பிரதியில் பேனா நின்றது.

"விசாலம், ஒன் தகரப் பெட்டி எங்க இருக்கு?"

"அதெல்லாம் செல்லாத காசுங்க."

"காசுன்னா காசுதான். வர்றவன் செல்லுமா செல்லாதான்னு கேட்டுக்கிட்டா நிப்பான்? எனக்கு இன்னும் பெர்மனென்ட் ஆகலை. நாளைக்கே ஒங்க அப்பா கடைக்கு அனுப்பிரு."

"அங்க போனா உருக்கிருவாங்க. செம்பே கெடைக்காம இருக்காங்க."

"உருக்கட்டும்."

அவருடைய விரலெல்லாம் மை. "சரிங்க" என்றேன். மறுநாள் கேட்டபோது அனுப்பிவிட்டேன் என்றேன். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது.

அந்த வாரமே எண்ணெய்க் கடைக்காரர் வீட்டில் சோதனை போட்டு, ஒரு குடம் காலணாவோடு அவரைத் தெரு வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். குடத்தைச் சுமந்து வந்தது அவருடைய சம்சாரம். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். என் கால் தானாக அடுப்படிக்குப் போயிற்று.

பத்து நாள் கணக்கு

எங்கள் பக்கத்தில் பங்குனி மாசம் வருஷத்துக்கு வேண்டிய புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, பெரிய மண்பானையில் அமுக்கி அமுக்கி வைத்துவிடுவோம். கல் மாதிரி இறுகிக் கிடக்கும். எந்தப் போலீஸ்காரனும் புளிப்பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்க்க மாட்டான்.

மாமியார் துக்கம் விசாரிக்கப் போயிருந்த ஒரு பகல். புளியைத் தோண்டி எடுத்தேன். காசுகளை ஒரு துணிப்பையில் போட்டு, மெழுகுத்துணியில் சுற்றிப் பானையின் அடியில் வைத்து, மேலே புளியை அமுக்கிவிட்டேன்.

பாத்திரக் கடைக்காரர் மகள் செய்கிற காரியமா இது? புளி செம்பைத் தின்னும் என்பது எங்கள் வீட்டில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளி வைத்தால் களிம்பு ஊறும், களிம்பு விஷம். எல்லாம் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே போகுமோ. மெழுகுத்துணி இருக்கிறதே, பத்து நாள்தானே, சோதனைக்காரர்கள் போனதும் எடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்து நாள் ஒரு மாசமாயிற்று, மூன்று மாசமாயிற்று. சோதனை நிற்கவில்லை. என் மாமியாரும் அடுப்படியை விட்டு நகரவில்லை. சமையல் அங்கே, பகல் தூக்கம் அங்கே, ராத்திரிப் படுக்கையும் அங்கேதான்.

பானையில் புளி இறங்கிக்கொண்டே வந்தது. கழுத்தளவு இருந்தது தோளளவு ஆனது, தோள் இடுப்பானது. தினமும் அவர் புளி எடுக்கும்போது நான் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு உருண்டை. புளியே வேண்டாத சமையலாகச் செய்யப் பார்த்தேன். மோர்க்குழம்பு வைத்தேன், மறுநாள் எலுமிச்சம்பழச் சாதம், அடுத்த நாள் பருப்புக் கடைந்தேன், திரும்பவும் மோர்க்குழம்பு.

"ஏத்தா, ஒங்க ஊர்ல புளிய மரமே கெடையாதா? நாக்கு செத்துப்போச்சுடி எனக்கு" என்றார் மாமியார்.

வாய்க்குப் புளி

ஒரு நாள் மத்தியானம் மாமியார் கொல்லையில் வடகம் காயப்போடப் போனார். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நிமிஷம்தான். பானைக்குள் கையை விட்டேன். முழங்கை தாண்டிப் போயிற்று. விரல் நுனியில் மெழுகுத்துணி தட்டுப்பட்டது. அது இளகிக் கூழாகக் கிடந்தது.

"அடியே!"

வாசலில் மாமியார். என் கை முழங்கை வரை புளி. என்ன சொல்வது?

அவர் என்னையே பார்த்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன்னால் நான் அங்கே பார்த்ததே இல்லை.

"வாய்க்குப் புளி கேக்குதா? எத்தனை நாளாச்சு? அதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன வெக்கம்?"

இல்லை அத்தை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிறகு எதற்காகப் பானையில் கைவிட்டாய் என்று கேட்பாரே! நான் தலையைக் குனிந்தேன். அதை அவர் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இவர் கச்சேரியிலிருந்து வரும்போது அரை வீசை மிட்டாய் வாங்கி வந்தார். கடன் சொல்லி வாங்கியிருப்பார். அன்றிலிருந்து மாமியார் தினமும் ஒரு உருண்டைப் புளியை உப்பு தொட்டு என் கையில் கொடுப்பார். நான் அதைக் கொல்லையில் வாழைக்கு அடியில் புதைப்பேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. இல்லாத பிள்ளை ஒரு பக்கம், இருக்கிற காசு ஒரு பக்கம். இரண்டும் எந்த நிமிஷமும் வெளியே தெரிந்துவிடும் என்று நடுங்கிக்கொண்டே இருந்தேன்.

பல்லி

இந்த லட்சணத்தில்தான் மேலதிகாரி எங்கள் ஊரில் கேம்ப் போட்டார். இவர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். பெர்மனென்ட் காகிதம் அவர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தது. அதிகாரிக்கு வத்தக்குழம்பு என்றால் உயிராம். நன்றாகப் புளிப்பும் காரமுமாக இருக்க வேண்டுமாம்.

நான் காலையிலேயே எழுந்து, மேலாக இருந்த புளியைக் கொஞ்சம் எடுத்து ஊறப் போட்டுவிட்டுத்தான் இலை அறுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் குழம்பு கொதிக்கிறது.

"நீ போட்ட புளி எதுக்குக் காணும்? அடியில இருந்து நல்லா ஒரு கட்டி பேத்து எடுத்தேன்" என்றார் மாமியார்.

அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். முற்றத்து ஓரத்தில் பிழிந்து போட்ட புளிச் சக்கையைப் பார்த்தேன். கறுப்புச் சக்கையில் பச்சை ஓடியிருந்தது. நடுவே புளியங்கொட்டை மாதிரி ஒன்று. அது சிவப்பாக மின்னியது. அம்மன் காசு. கொட்டை என்று நினைத்து மாமியார் சக்கையோடு எறிந்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் நான் கதையை ஆரம்பித்தேன். அடுப்படி வாசலில் நிற்கிறேன். கூடத்தில் இவர், அதிகாரிக்குப் பக்கத்தில் பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும், விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறார். எப்போதும் இல்லாத சிரிப்பு அவர் முகத்தில். இன்றைக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்ற சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அவர் இந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்.

அவ்வளவுதான். மற்றதெல்லாம் மனசிலிருந்து விட்டுப்போயிற்று.

"பல்லி! பல்லி விழுந்திருச்சு அத்தை!"

கத்திக்கொண்டே போய்ச் சட்டியை முந்தானையால் பிடித்துக் கவிழ்த்தேன். குழம்பு அடுப்படித் தரை முழுக்க ஓடியது. என் கால் வெந்தது. அது எனக்கு ராத்திரிதான் தெரிந்தது.

மாமியாருக்கு ரோஷம் வந்தது.

"நான் வச்ச கொழம்புல பல்லியா? நாப்பது வருசமாச் சமைக்கிறேன்டி. எங்கடி பல்லி? காட்டு!"

"நான் பாத்தேன் அத்தை."

"பாத்தா இங்கதானே கெடக்கணும்?"

குனிந்து கரண்டியால் தரையில் கிடந்த குழம்பைத் துழாவினார். சுண்டைக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ணங்கென்று ஒரு சத்தம் கேட்டது. கரண்டி எதையோ தட்டியது. எடுத்துப் பார்த்தார். இன்னொரு அம்மன் காசு.

சத்தம் கேட்டு அதிகாரி எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் இவர்.

"என்னம்மா அது?" என்றார் அதிகாரி.

நான் போய்ப் புளிப்பானையைத் தூக்கி வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்கய்யா. அனுப்பச் சொன்னாரு. அனுப்பிட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

முறத்தில் ஒரு ராஜ்யம்

பானையை முறத்தில் கவிழ்த்தார்கள். துணிப்பை இற்றுப்போயிருந்தது, மெழுகுத்துணி தோலாக உரிந்து வந்தது. புளிக்கு நடுவே காசுகள் புதுச் சொம்பு மாதிரிப் பளபளவென்று கிடந்தன. பழைய பச்சையும் கறுப்பும் போய்விட்டன. அதோடு பாதிப் படங்களும் போய்விட்டிருந்தன. வில் எது, சிங்கம் எது என்று தெரியவில்லை. சிலோன் மரத்தில் அடிமரம் மட்டும் மிச்சம். அப்பா சொன்னது சரியா நான் சொன்னது சரியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதிகாரி ஒரு குச்சியால் கிளறினார். கிளறக் கிளற அவர் முகம் இளகியது. பிறகு சிரித்தே விட்டார்.

"ஏம்ப்பா, உத்தரவை நீதானே எழுதுனே? என்ன போட்டிருக்கு? செலாவணியில உள்ள காசுன்னுதானே? இதுல எது செலாவணி? செல்றது அம்மன் காசு மட்டுந்தான், அதுவும் நாலே நாலு. இந்த நாலு காசுக்கு ஒன்னைய ஜெயில்ல போட்டா என்னையப் பாத்துல்ல சிரிப்பாங்க!"

இவரும் சிரிக்க முயன்றார். உதடு மட்டும் அசைந்தது. பத்துத் தடவை தன் கையால் எழுதிய வரியை அவர் ஒரு தடவையும் படிக்கவில்லை. எழுதினார், பயந்தார், அவ்வளவுதான். நானோ கேட்கவும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. நிம்மதியா, இழவா என்று தெரியாத அழுகை.

அதிகாரி குனிந்து ஒரு காசை எடுத்தார். கனமானது. புளி அப்பிக் கிடந்தாலும் எனக்குத் தெரிந்தது.

"இது என்னம்மா?"

"ரெட்டை மீனுங்கய்யா. பாண்டியன் காசு."

"திருச்சியில எனக்குத் தெரிஞ்ச தொரை ஒருத்தரு இதுமாதிரி பழைய காசு சேக்கிறாரு. இதைக் குடுத்தா சந்தோசப்படுவாரு" என்றார். கேட்கவில்லை, சொன்னார். காசு சட்டைப் பைக்குப் போக இருந்தது.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தப்பித்ததே பெரிசு, காசு போனால் போகிறது, காகிதத்தில் கையெழுத்து விழட்டும். என் தொண்டையிலிருந்து சத்தம் வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அய்யா, அது அவளோடது."

என் வீட்டுக்காரர். அதிகாரி தெருவில் சைக்கிள் ஏறாத மனுஷன். முகமெல்லாம் வேர்த்து ஒழுகியது. விசிறி இன்னும் கையில் இருந்தது.

"சின்னப் புள்ளையில இருந்து வச்சிருக்கா. அவ குடுத்தா எடுத்துக்குங்க. அவகிட்டக் கேளுங்கய்யா."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். காசை முறத்தில் போட்டார். வேகமாக எறியவில்லை, சும்மா விரலை விட்டார். போய் இலையில் உட்கார்ந்து மோர்ச் சோறு மட்டும் சாப்பிட்டார். ஊறுகாய் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் மாமியார் அடுப்படித் தரையில் உட்கார்ந்தார். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொய்யைப் பற்றியும் கேட்கவில்லை.

"அப்ப மசக்கை இல்லையா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அன்று ஏமாற்றப்பட்டவர்களில் அதிகம் இழந்தவர் அவர்தான். குழம்பைக் கையில் விட்டு ருசி பார்த்தேன் என்று பிறகு மெல்லச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாயங்காலம் வரை சொம்பு சொம்பாக மோர் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "போதும்டி, வயிறு வெடிச்சிரும்" என்று அவர் திட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

செதில்

பெர்மனென்ட் காகிதம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. இவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்கெல்லாம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கும் அந்தக் காசுக்கும் சம்பந்தமே இல்லை என்று இவர் சாதிப்பார். அதற்குள் பெரியவன் பிறந்துவிட்டான். அந்தத் தடவை வாய்க்குப் புளி கேட்டபோது மாமியார் என்னை நம்பவில்லை. பானையை ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி அந்தக் காசைக் கழுவிப் பார்த்தேன். மீன் இல்லை. ஒரு மீன் அடியோடு போய்விட்டது. இன்னொன்றில் வால் மட்டும், அதுவும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

இவர் பாயில் படுத்திருந்தார். "மீனு நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன்? வெறும் செப்புத் துண்டுக்காகவா இந்த மனுஷன் தன் வேலையைப் பணயம் வைத்தார்?

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் கேள்வி எங்களுக்குள் வந்துகொண்டிருந்தது. நல்ல நாள், கெட்ட நாள், கையில் காசு இல்லாத நாள் எல்லாவற்றிலும், "மீனு இருக்கா?" என்பார். "இருக்கு" என்பேன். குதிரை போட்ட வெண்கலப் பைசா முதன்முதலாக வந்தபோது, அதைக் கொண்டுவந்து மீனுக்குத் துணையாக வை என்று கொடுத்தார். வைத்தேன். காசை மட்டும் அவர் கையில் கொடுக்காமல் எப்படியோ சமாளித்துவிட்டேன்.

கடைசியில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஒரு நாள் சாய்ந்து படுத்துக்கொண்டு, "அந்த மீனை எடுத்தா விசாலம், ஒரு தடவை தொட்டுப் பாக்கிறேன்" என்றார். கண் தெரியாதவர்தானே என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டை விரலால் இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். வழுவழுவென்றிருந்த காசை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். நான் மறுபடியும் அந்த அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டும் இருக்கு. செதில்கூடக் கையில தட்டுப்படுது" என்றார்.

அந்தக் காசில் மீனுக்குச் செதில் என்றைக்குமே கிடையாது.

நான் காசை வாங்கிப் பெட்டியில் வைத்தேன். "ஆமாங்க, நல்லாத் தெரியுது" என்றேன்.